மடிக்குழந்தைக்கு டிக்கெட் இல்லை

பணிமனையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ரைட்டு’ என்றால்தான் தெரியும். முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்று ‘போலாம், ரைட்’ என்று சொல்லிச் சொல்லி, அந்த வார்த்தை வாயோடு ஒட்டிக்கொண்டது. சாப்பிட்டு எழுந்தால் ரைட், விளக்கை அணைத்தால் ரைட். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பும்போது ஊரே கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, இவர் கார் கதவைச் சாத்தி இரண்டு தட்டுத் தட்டி ‘ரைட்’ என்றாராம். அவர் மனைவி அதை இன்னும் மன்னிக்கவில்லை.

ஆள் தங்கமானவர். ஒரே ஒரு பீற்றல்தான் உண்டு. ‘என் சர்வீஸ்ல ஒரு பயணியைக்கூட நடுவழியில விட்டுட்டு வண்டி கிளம்பினதில்ல’ என்பார். யார் வீட்டுக்குப் போனாலும் டம்ளர் கைக்கு வருவதற்குள் இந்தப் பேச்சு வந்துவிடும். பொய்யும் இல்லை அது. டீக்கு நிறுத்திய இடத்தில் படிக்கட்டில் நின்று அவர் தலை எண்ணும் அழகே தனி. விரலை நீட்டமாட்டார், உதடு அசையாது, கண் மட்டும் ஓடும். ஒரு தலை குறைந்தாலும் விசில் ஊதமாட்டார். கழிப்பறைக் கதவைத் தட்டி, பல் துலக்கிக்கொண்டிருந்தவரை வாயில் நுரையோடு கூட்டிவந்து ஏற்றியிருக்கிறார்.

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு அவருக்கு எல்லாமே பேத்திதான். இரண்டு வயது நிறைய இன்னும் ஒரு மாதம். பிறந்த அன்று துண்டில் சுற்றிக் கையில் கொடுத்தபோது ‘என்னடா இது, பொட்டலம் மாதிரி இருக்கு’ என்றார். அன்றிலிருந்து பொட்டலம்தான். மருமகனுக்குக் கப்பலில் வேலை, எட்டு மாதம் கடலிலேயே கிடப்பார். மகள் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். எடுத்திருந்த நீண்ட விடுப்பு முடிகிறது, அடுத்த வாரமே வேலையில் சேர்ந்தாக வேண்டும். அப்புறம் பொட்டலத்தை யார் பார்த்துக்கொள்வது?

இங்கேதான் சிக்கல். ரைட்டு வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இரண்டாவது தெரு. மகளுடைய மாமியார் வீடோ ஐந்து மணி நேரப் பயணம். அந்த அம்மா போனில் கேட்டேவிட்டார்: “எங்ககிட்ட விடும்மா. நாங்க ரெண்டு பேரும் சும்மாதானே மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டு உக்கார்ந்திருக்கோம்.” மருமகன், ‘ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் பேசி முடிவு பண்ணுங்க, எனக்குச் சம்மதம்’ என்று சொல்லிவிட்டுக் கப்பலேறிவிட்டார். அங்கே விட்டால் வாரத்தில் ஒரு நாள்தான் மகள் தன் பிள்ளையைப் பார்க்க முடியும். அதைப் பேசி முடிக்கத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “அங்க நீங்கதான்ப்பா பேசணும். தாத்தா நல்லாப் பார்த்துக்குவாருன்னு அவங்களுக்கு நம்பிக்கை வரணும். அவ்வளவுதான் வேணும் எனக்கு.”

“யாருகிட்ட சொல்றே?” என்றார் ரைட்டு.

வண்டி, மனைவியின் தம்பியுடையது. அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வேனுக்குள் அழிரப்பரும் பழைய வாழைப்பழமும் கலந்த ஒரு வாசனை. சீட்டுகளின் முதுகு உயரம், உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர் தலைகூடத் தெரியாது. ரைட்டு ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். வேன் என்றாலே குமட்டும் என்று மனைவி மாத்திரை போட்டுக்கொண்டு நடுவரிசையில் சாய்ந்தார். மகளும் குழந்தையும் கடைசி வரிசை.

இரண்டு மணி நேரம் போனதும், மாத்திரை போட்ட பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, போடாத பேத்தி தாயின் மேலெல்லாம் வாந்தி எடுத்தாள். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் நிறுத்தினார்கள். மகள் மாற்றுச் சட்டையும் துண்டுமாக இறங்கி, குழந்தையை அப்பாவிடம் நீட்டினாள்.

“பிடிங்கப்பா இவளை. நான் அலசிட்டு, சட்டை மாத்திட்டு வந்துடறேன். தலை வேற வலிக்குது.”

“போ போ, நான் இருக்கேன்.”

ஹோட்டல் வாசலில் ஒரு பிளாஸ்டிக் குதிரை இருந்தது. பொட்டலத்தை அதன்மேல் உட்கார்த்தி ஆட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்தப் பஸ்ஸைப் பார்த்தார். தூரத்து ஊருக்குப் போகிற வண்டி, டீக்கு நின்றிருந்தது. கண்டக்டர் ஒரு நாற்பது வயதுப் பெண். விசிலை ஊதி ஊதிப் பார்க்கிறார், ஒருவரும் அசைகிற மாதிரி இல்லை. ஒருவர் சாவகாசமாக பிஸ்கட் வாங்குகிறார், இரண்டு பேர் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கிறார்கள், ஏறினவர் மறுபடி இறங்குகிறார்.

சும்மா இருந்திருக்கலாம். ஓய்வு பெற்ற மனுஷன், பேத்தியைக் குதிரையில் ஆட்டுகிற வேலை ஒன்றுதான். ஆனால் முப்பத்தொரு வருஷப் பழக்கம் உள்ளே குறுகுறு என்கிறதே. குதிரையை விட்டு இரண்டடி வைத்தார். அப்புறம் நாலடி. அப்புறம் பஸ் படிக்கட்டிலேயே ஏறி நின்றுவிட்டார்.

“எத்தனை பேரும்மா உங்க வண்டியில?”

“நாப்பத்து மூணுங்கய்யா. எண்ணுறதுக்குள்ள ரெண்டு பேர் இறங்கிடறாங்க.”

“முதல்ல கதவை மறிச்சு நில்லுங்க. ஏற மட்டும் விடுங்க, இறங்க விடாதீங்க.” அப்புறம் கையைத் தட்டி அந்தப் பழைய குரலை எடுத்தார். “வண்டி கிளம்புது. பிஸ்கட் சார், உங்களைத்தான். தண்ணி பிடிச்சது போதும், அம்மா, கடலையா ரொப்பப் போறீங்க?” ஜனம் சிரித்துக்கொண்டே ஏறியது. பின்வரிசையிலிருந்து முன்வரிசைவரை ஒரே பார்வை. “நாப்பத்து ரெண்டு. ஒரு ஆள் குறையுது. கழிப்பறையைப் பாருங்க.” அங்கேதான் இருந்தார் அந்த நாற்பத்து மூன்றாவது ஆள். பஸ்ஸுக்குள் யாரோ கைகூடத் தட்டினார்கள். கண்டக்டரம்மா, “பெரிய உபகாரம்ங்கய்யா” என்று கும்பிட்டார்.

ரைட்டுக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேனுக்கு வந்தார். மனைவி நடுவரிசையில் தூங்குகிறார், ஒன்று. மகள் கடைசி வரிசையில் கண்ணை மூடிச் சுருண்டிருக்கிறாள், இரண்டு. ஓட்டுகிறவரும் கண்டக்டரும் கணக்கில் சேர்த்தி இல்லை. மூன்று வயதுக்குக் கீழே இருக்கிற குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. டிக்கெட் இல்லாத தலையை அவர் கண் எண்ணிப் பழகியதே இல்லை. மடிக்குழந்தை என்றால் தாயின் மடியில் இருக்கும், தாய் ஏறினால் அதுவும் ஏறினதாகத்தான் அர்த்தம். முப்பத்தொரு வருஷமும் அப்படித்தான் இருந்தது.

“எல்லாரும் ஏறியாச்சா அத்தான்?” என்று கேட்டார் மைத்துனர்.

கதவை இழுத்துச் சாத்தி இரண்டு தட்டுத் தட்டினார். “போலாம், ரைட்.”

பதினெட்டு நிமிஷம் ஓடியிருக்கும். வழியெல்லாம் ரைட்டு அந்த நாற்பத்து மூன்று பேரின் கதையை மைத்துனரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில் பின்னாலிருந்து மகள் குரல் கேட்டது. “அப்பா, தூங்கிட்டாளா? உங்க கை வலிக்கும், இங்க குடுங்க.”

“யாரு?” என்றார் ரைட்டு.

இந்த ஒரு சொல்லை அவர் சாகிறவரைக்கும் மறக்கப்போவதில்லை. யாரு என்று கேட்டார் பாருங்கள்.

மகள் சீட்டுகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடிவந்தாள். அவர் மடியைப் பார்த்தாள், அம்மா பக்கம் திரும்பினாள், மறுபடி அவர் மடியைப் பார்த்தாள். கத்தவில்லை. “உங்க கையிலதானே குடுத்தேன்” என்றாள், ஏதோ விலாசம் விசாரிக்கிற மாதிரி. ரைட்டுக்குக் கதவுப்பிடியில் கை போய்விட்டது, ஓடுகிற வண்டியிலிருந்து குதித்துவிடுவார்போல. மைத்துனர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

சாலை நடுவில் தடுப்புச் சுவர். திரும்ப வேண்டுமானால் இன்னும் நான்கு மைல் முன்னால் போகவேண்டும். பிள்ளை பின்னால் இருக்க, வண்டி முன்னால் போய்க்கொண்டே இருந்தது. மனைவி, தம்பி டீ குடித்த ஹோட்டல் ரசீதைத் தேடி எடுத்து அதிலிருந்த எண்ணைக் கூப்பிட்டார், மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. அந்தச் சாலையில் லாரிகள் போகிற வேகத்தை ரைட்டு பார்த்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் குதிரையிலிருந்து சாலைக்கு எத்தனை அடி இருக்கும் என்று மனசு அளந்தது. வேண்டாம் வேண்டாம் என்றாலும் அளந்தது.

திரும்பி வந்து நிறுத்தினபோது அந்தப் பஸ் இன்னும் நின்றிருந்தது. அதன் படிக்கட்டில் கண்டக்டரம்மா உட்கார்ந்திருக்க, அவர் மடியில் பொட்டலம் விசிலை வாயில் வைத்து எச்சில் பண்ணிக்கொண்டிருந்தாள். அழுது அழுது முகமெல்லாம் வீங்கி, இப்போது விக்கல் மட்டும் மிச்சம்.

மகள் பாய்ந்து வாங்கிக்கொண்டாள். ரைட்டு நாலடி தள்ளியே நின்றுவிட்டார். பஸ்ஸின் ஜன்னல் ஒவ்வொன்றிலும் ஒரு முகம். அவர் கைதட்டி ஏற்றிய அதே ஜனம், முக்கால் மணி நேரமாக அவருக்காகக் காத்திருக்கிறது. பிஸ்கட் வாங்கினவர் மட்டும் வாயைத் திறந்தார். “எங்களையெல்லாம் எண்ணினீங்களே பெரியவரே” என்றார். தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கண்டக்டரம்மா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். “விசில் ஊதப் போறேன், அந்தக் குதிரைகிட்ட பாப்பா நிக்குது. உங்க கையில பார்த்த பிள்ளையாச்சேன்னு வண்டியை எடுக்க விடல. எப்படியும் வந்துருவீங்கன்னு தெரியும்.”

“எண்ணினேம்மா” என்றார் ரைட்டு. “எண்ணிட்டுத்தான் ஏறினேன்.”

அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. ஒரே தொழில் இல்லையா. “கைக்குழந்தையை நானும் எண்ண மாட்டேங்கய்யா” என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, விசிலைத் துடைத்து ஊதினார். வண்டி போயிற்று. ரைட்டுக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விட்டால் தேவலைபோல இருந்தது.

வேனில் மகள் குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தார், திட்டவில்லை. பாதி தூரம் வந்தபிறகுதான் வாயைத் திறந்தாள், அதுவும் எல்லோருக்கும் பொதுவாக.

“அங்க போய் யாரும் இதைப் பத்தி மூச்சு விடக்கூடாது. ஏன் லேட்டுன்னு கேட்டா டயர் பஞ்சர். புரியுதா? அப்பா, புரியுதா?”

“புரியுதும்மா.”

சம்பந்தி லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷன், ஆனால் கை சும்மா இருக்காது. பஞ்சர் என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், செருப்பை மாட்டிக்கொண்டு வேனைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். “எந்தச் சக்கரம்?”

“முன்னாடி” என்றார் ரைட்டு. அதே நேரத்தில் “பின்னாடி” என்றார் மைத்துனர்.

“அடப்பாவமே, ரெண்டுமா?” சம்பந்தி உட்கார்ந்து இரண்டு டயரையும் தடவிப் பார்த்தார். “ஒட்டின தடமே தெரியல. நல்ல வேலைக்காரன்தான்.” சந்தேகப்படுகிற பிறவியே இல்லை அந்த மனுஷன். ரைட்டு வேனின் மறுபக்கம் போய் நின்றுகொண்டார்.

உள்ளே போனால், சம்பந்தியம்மா ஒரு அறையையே தயார் பண்ணி வைத்திருந்தார். சுவரில் பிளக் துளைகளுக்கெல்லாம் ஒட்டுத்தாள். அலமாரிக் கதவுகளை ரிப்பனால் கட்டியிருந்தார், குழந்தை விரல் மாட்டிவிடக்கூடாதாம். மேசை முனைகளில் பஞ்சு வைத்துத் துணி சுற்றியிருந்தது. ரைட்டு அந்தப் பஞ்சை ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். பொட்டலம் சம்பந்தியம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போயிருந்தாள். சம்பந்தி தொண்டையைச் செருமினார்.

“நானும் இவளும் ராத்திரி பூரா பேசினோம். இவளுக்கு ஆசைதான், அந்த ரூமைப் பார்த்திருப்பீங்க. ஆனா தாய் ஒரு பக்கம் பிள்ளை ஒரு பக்கம்னு வேண்டாம். பக்கத்துலயே இருக்கட்டும்.” ரைட்டைப் பார்த்துச் சிரித்தார். “அதுவும் யாருகிட்ட விடறோம்? முப்பத்தொரு வருஷம் ஊரான் பிள்ளைகளைப் பத்திரமா இறக்கிவிட்டவர். ஒருத்தரைக்கூடத் தவறவிட்டதில்ல. சம்பந்தி, உங்களைவிட நம்பிக்கையான ஆள் எங்களுக்கு எங்க கிடைப்பாங்க?”

சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். “உங்களை நம்பி விடுறேண்ணே.”

காலையிலிருந்து மூடிக்கிடந்த மகளின் முகம் அப்போதுதான் திறந்தது. முடிந்துவிட்டது காரியம். ஒரு வார்த்தை பேச வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். எங்கே போனாலும் கேட்காமலே ‘ரைட்’ சொல்கிற மனுஷன், அங்கே ஒரு ரைட் சொல்லியிருந்தால் போதும்.

அவரால் முடியவில்லை. அந்த மனுஷன் சிரித்த சிரிப்பு தாங்கவில்லை. கூடத்து விளக்கெல்லாம் தன் மேலேயே எரிகிற மாதிரி இருந்தது. நாற்பத்து மூன்று பேர் பார்த்த கேவலம் இவர்களுக்கு மட்டும் தெரியாமல், தன்னைக் கோயிலில் வைக்காத குறையாகப் பேசுகிறார்களே என்று உடம்பு கூசியது. எழுந்து நின்றார்.

“நம்பாதீங்க சம்பந்தி” என்றார்.

“அப்பா” என்றாள் மகள்.

நிறுத்தவில்லை. குதிரை, பஸ், நாற்பத்து மூன்று பேர், பதினெட்டு நிமிஷம், ‘யாரு’ என்று கேட்டது, ஒன்று விடாமல் கொட்டினார். பஞ்சர் இல்லை என்றார். சொல்லச் சொல்ல நெஞ்சு லேசானது. உண்மையைச் சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறதே, அது ரொம்பப் பொல்லாதது. முடித்தபோது அவருக்கு மூச்சு சீராக வந்தது. சுற்றி இருந்தவர்களுக்குத்தான் வரவில்லை.

சம்பந்தி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மா குனிந்து, தூங்குகிற குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம் மருமகளைப் பார்த்து, கோபமே இல்லாமல் சொன்னார்: “ஸ்கூல் சேர்க்கிற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்மா. உன்னை நான் குறை சொல்லல. ஆனா இதைக் கேட்டதுக்கு அப்புறம் எனக்குத் தூக்கம் வராது. அவன்கிட்டயும் நானே பேசிக்கறேன்.”

மகள் அப்பாவைப் பார்க்கவில்லை. “சரி அத்தை” என்றாள்.

மறுநாள் காலை, கிளம்புகிற நேரம். ரிப்பன் கட்டின அலமாரிக்கு முன்னால் மகள் உட்கார்ந்து, பையிலிருந்து குழந்தையின் துணிகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளைக்கென்று கொண்டுவந்தது, நாலே கவுன். ரைட்டு வாசலில் நின்றார். உள்ளே வர ஒரு மாதிரி இருந்தது.

“மன்னிச்சிடும்மா” என்றார். “அவங்க அவ்வளவு நம்பிக்கையா பேசும்போது என்னால மறைக்க முடியல. மனசு கேக்கல.”

மகள் ஒரு கவுனை மடித்து வைத்தாள்.

“நீங்க விட்டுட்டுப் போனதை நான் நேத்து வண்டியிலேயே மன்னிச்சிட்டேன்ப்பா. வேணும்னு செய்யல நீங்க. இனிமே ஜென்மத்துக்கும் அவளை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் வாயை மூடிக்கச் சொன்னேன். தெரிஞ்சுதான் சொன்னேன்.” அடுத்த கவுனை எடுத்தாள். “உங்களுக்கு அந்த வெட்கத்தை வச்சுக்கிட்டு இருக்க முடியல. அதை இறக்கி வைக்க ஒரு இடம் வேணும். என் பிள்ளையைக் குடுத்து இறக்கி வச்சிட்டீங்க.”

ரைட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். தான் நேற்று எழுந்து நின்றது பெரிய யோக்கியத்தனம் என்று நினைத்துக்கொண்டுதான் ராத்திரி படுத்தார். நன்றாகத் தூங்கியும் இருந்தார். அந்தத் தூக்கத்தை நினைத்தபோதுதான் அவருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. நேற்று பஸ் ஜன்னல்களுக்கு முன்னால் வந்தது இதற்குப் பக்கத்தில்கூட நிற்காது.

பொட்டலம் அப்போதுதான் எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு தத்தித் தத்தி வந்தாள். நேராக அவரிடம்தான் வந்தாள். அவளுக்கு நேற்று என்பது ஞாபகமே இல்லை. இரண்டு கையையும் உயரத் தூக்கி, “தாத்தா, தூக்கு” என்றாள்.

அவர் குனிந்தார். பாதியில் நின்று மகளை நிமிர்ந்து பார்த்தார்.

“தூக்கட்டுமாம்மா?” என்று கேட்டார்.

மகள் கடைசிக் கவுனை மடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை கையைத் தூக்கியபடியே கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. அப்புறம் கை வலித்ததோ என்னவோ, இறக்கிக்கொண்டு அம்மாவிடம் போயிற்று.